தோவாளை வரை

பத்றோஸின் அடக்கம் முடிந்து ஆட்கள் கல்லறைத் தோட்டத்தை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஞானதாசன் வாசலருகே நின்று ஊர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பந்தயத்துல நாங்க ரெண்டுபேரும் ஒண்ணாத்தான் எறங்கினோம். கடைசி வரைக்கும் ஒண்ணாத்தான் போனோம். அவன மாதிரி ஒரு கூட்டாளி இனி எனக்கு இல்ல." சொல்லும்போது அழுதார். அழுகை பொய்யில்லை. ஒன்றாக இறங்கினார்கள் என்பதும் உண்மை. கடைசி வரைக்கும் என்பது மட்டும் உண்மையில்லை. அவர்கள் ஒன்றாகப் போனது தோவாளை வரைதான்.

பத்றோஸால் இனி அதைத் திருத்திச் சொல்ல முடியாது. நடந்தது இதுதான்.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் பத்றோஸுடையது. சிறுவயதில் தகப்பனோடு தட்டுமடிக்குப் போனார். தட்டுமடி என்பது இரண்டு கட்டுமரங்கள் சேர்ந்து இழுக்கும் வலை. ஒரு பக்கக் கயிறு இந்த மரத்தில், மறுபக்கக் கயிறு அந்த மரத்தில். இரண்டும் ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒரு மரம் முந்தினால் வலையின் வாய் கோணிவிடும், மீன் வெளியே போய்விடும். பலமுள்ளவன் பலத்தைக் காட்டும் வேலை அல்ல அது. பக்கத்து மரத்தைப் பார்த்துப் பார்த்துத் துடுப்புப் போட வேண்டும். பிறகு வேறு வலைகளுக்கு மாறினாலும் பத்றோஸுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. தெருவில் நடந்தாலும் கூட வருகிறவருக்காக நின்று நின்று நடப்பார். "உங்ககூட கோயிலுக்குப் பொறப்பட்டா வழியில ஊரையே சேத்துக்கிட்டுத்தான் போவணும். நாம போய்ச் சேரும்ப சாமியார் கதவப் பூட்டிருப்பாரு" என்பார் அவர் மனைவி செசிலி.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து வள்ளத்தையும் வலையையும் கொண்டுபோனது. பத்றோஸ் பஹ்ரைனுக்குப் போய் ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் சேர்ந்தார். அங்கே தங்கிய அறையில்தான் ஞானதாசன் அறிமுகம். அருமனைக்காரர், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பிறந்தவர், ஏசி மெக்கானிக். கடலைப் பார்த்தால் பயம். பத்றோஸுக்கு அரபிப் பேச்சு வராது, ஞானதாசனுக்குச் சோறு வைக்க வராது. ஒருவர் பேசினார், ஒருவர் சமைத்தார். ஞானதாசனுக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்தபோது வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவியது பத்றோஸ். பத்றோஸின் தோள் இறங்கி, படகுக்காரர் சம்பளம் தராமல் இழுத்தடித்தபோது ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது ஞானதாசன். இதை இரண்டு பேரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஞானதாசன் அருமனையில் சைக்கிள் கடை போட்டார். பத்றோஸ் அடுத்தவர் வள்ளத்தில் மாற்று ஆளாகப் போனார். தோள் முன்போல் இல்லை. "ஆளு கொறஞ்சா பத்றோஸக் கூப்பிடு" என்பது கடற்கரையில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. அவர் காதுபடவே சொல்வார்கள். கூப்பிட்டால் போவார். கூப்பிடாத நாட்களில் விடியும் முன்பே எழுந்து கரையில் போய் நின்றுகொண்டிருப்பார்.

2012-ல் ஞானதாசன் ஒரு செய்தியோடு வந்தார். நாகர்கோவிலில் சைக்கிள் சங்கம் ஒன்று இருந்தது. அடுத்த பிப்ரவரியில் அவர்கள் முதல் முறையாக ஒரு போட்டி நடத்துகிறார்கள். முதலில் கடலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டதும் ஓட்டம். எல்லாம் ஒரே மூச்சில். நாற்பது வயது தாண்டியவர்களில் முதலில் வரும் ஒருவரைச் சென்னையில் நடக்கும் பெரிய போட்டிக்கு மாவட்டத்தின் பெயர் எழுதிய சட்டையோடு அனுப்புவார்கள்.

"ஒரு ஆளத்தானா?" என்று கேட்டார் பத்றோஸ்.

"ஒரே ஒரு ஆளு."

ஒரே ஒரு ஆள் என்ற சொல் பத்றோஸைப் பிடித்துக்கொண்டது. ஆள் குறைந்தால் கூப்பிடுகிற ஆளாக இல்லாமல், முதலில் கூப்பிடுகிற ஆளாக ஒரு முறை இருக்க வேண்டும். செசிலியிடம்கூட இதை ஒரு நாள்தான் சொன்னார், அதுவும் இருட்டில்.

இருவருக்கும் வயது நாற்பதுக்கு மேல். சென்னைக்கு இருக்கிற இடம் ஒன்று. அதனால் ஞானதாசனே ஒரு ஏற்பாடு சொன்னார்.

"இங்க பாரு மக்கா. தண்ணீல நீ என்னக் கொண்டுபோ. ரோட்டுல நான் உன்னக் கொண்டுபோறேன். சைக்கிள விட்டு எறங்கினதும் அவனவன் காலு அவனவனுக்கு. ஓடி ஜெயிக்கிறவன் சென்னைக்குப் போவட்டு."

"தோத்தவன்?"

"தோத்தவன் வழியனுப்ப ரயில்வே ஸ்டேசனுக்கு வரணும். வந்து அழணும்."

இருவரும் சிரித்தார்கள். பத்றோஸுக்கு அந்த ஏற்பாடு உடனே விளங்கியது. இரண்டு மரம், ஒரு வலை.

ஞானதாசன் கடையில் கிடந்த உதிரிகளை வைத்து கியர் சைக்கிள் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். காற்றை எதிர்த்துப் போகும்போது முன்னால் போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டியே போனால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும் என்று ரோட்டில் செய்து காட்டினார். அந்தப் போட்டியில் அப்படிப் போக அனுமதி இருந்தது. பதிலுக்கு பத்றோஸ் அவரைக் கடலுக்குக் கொண்டுபோனார். ஞானதாசன் பள்ளிக்கூடக் காலத்தில் ஆற்றில் நீந்தியவர். கடலில் அவருக்குத் திசை நிற்காது. பத்றோஸின் பாதம் எழுப்பும் நுரையைப் பார்த்துக்கொண்டே நீந்தினால் மட்டும் பயம் தெளிந்தது. சனிக்கிழமை தோறும் அப்படிப் பழகினார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் விடவில்லை.

"என்ன ஓய் பத்றோசு, மீனு கிடைக்கல்லண்ணா மெக்கானிக்கப் புடிச்சுக் கெட்டி இழுக்குதீரா?"

"எடை போட்டுப் பாரும். சாளையவிட நல்ல வெல போவான்" என்றார் பத்றோஸ்.

பிப்ரவரி வந்தது. நாகர்கோவிலுக்குத் தெற்கே உள்ள கடற்கரையில் காலை வெளிச்சம் பரவியதும் விசில் ஊதினார்கள். நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுந்தார்கள். தண்ணீருக்குள் அடித்த நீவாடு, அதாவது கடலின் ஓட்டம், கிழக்கே இழுத்தது. பத்றோஸ் அதற்கு ஏற்றபடி மேற்கே சற்று ஒதுக்கிப் பிடித்து நீந்தினார். மீனவர்கள் நீந்துவதுபோல் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்தே நீந்தினார். இரண்டாவது மிதவை வரும்போது அவருக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார். ஞானதாசனும் இல்லை.

யாரோ ஒருவரின் கை முகத்தில் பட்டு, உப்புத்தண்ணீர் குடித்து, கொஞ்ச தூரத்தில் ஞானதாசன் இருமிக்கொண்டு மிதந்தார். கண்ணில் பயம் தெரிந்தது. பத்றோஸ் திரும்பி நீந்தி அவர் பக்கம் போனார்.

"மக்கா, என்ன விட்டுட்டுப் போயிராத."

"போவல்ல. மூச்ச விடு. தண்ணிய முழுங்காத, துப்பு. எனக்க காலப் பாத்து வா."

அவர் மூச்சுத் தேறுவதற்குள் பத்துப் பதினைந்து பேர் தாண்டிப் போய்விட்டார்கள். பத்றோஸ் அவர்களைப் பார்க்கவில்லை. மெதுவாக, நுரை தெரிகிற மாதிரி காலை உதைத்து, கரை வரைக்கும் ஞானதாசனைக் கொண்டுவந்து சேர்த்தார்.

கரையேறிய மற்றவர்கள் ஈர உடையோடே சைக்கிளில் ஏறிப் பறந்தார்கள். பத்றோஸ் இடுப்பில் தோர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஈர நிக்கரைக் கழற்றினார். பெண்கள் நிற்கிற இடம். உலர்ந்ததைப் போட்டு, சட்டையை எடுத்து, பொத்தான் ஒவ்வொன்றாக மாட்டினார். ஞானதாசன் சைக்கிளைப் பிடித்தபடி துள்ளினார்.

"ஏலே, பெண்ணு பாக்கவா போற? ஏறு!"

ஆனாலும் நின்றார். அதுவரை பேச்சு மாறவில்லை.

நாகர்கோவில் ஊருக்குள் ஞானதாசன் முன்னால், பத்றோஸ் பின்னால். வெள்ளமடம் தாண்டியது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று தோவாளையில் முகத்தில் அறைந்தது. திரும்பும் இடம் கணவாயில்தான் இருந்தது. அதுவரைக்கும் எதிர்காற்று, திரும்பினால் அதே காற்று முதுகைத் தள்ளும். அந்தச் சில கிலோமீட்டருக்காகத்தான் அந்த ஏற்பாடே.

பூச்சந்தை அருகே மார்த்தாண்டத்துப் பையன்கள் இரண்டு பேர் பெரிய வேகத்தில் தாண்டிப் போனார்கள். ஞானதாசன் இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தார். இரண்டு மிதியில் அவர்களுடைய பின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டார். பத்றோஸும் எழுந்து மிதித்தார். இடைவெளி குறையவில்லை.

"ஞானதாசா!"

ஞானதாசன் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டது யார், எவ்வளவு தூரத்தில், என்ன நிலையில் என்று ஒரு பார்வையில் தெரிந்துகொள்கிற அளவுக்குப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்தார்.

பத்றோஸ் தனியாகக் காற்றில் நின்றார். மிதித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் நிற்பதுபோல்தான் இருந்தது. முதலில் அவருக்குக் கோபம் வரவில்லை. ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தார். வேகத்தில் கொஞ்சம் போய்விட்டான், நிறுத்துவான். காற்றாலைகளுக்குக் கீழே, திரும்பும் இடத்தில் நிற்பான். பஹ்ரைன் அறையில் இவர் ஆக்கிய சோற்றைத் தொடாமல் மூடி வைத்துவிட்டு இரவு எவ்வளவு நேரமானாலும் காத்திருந்த ஆள் அல்லவா. ஒவ்வொரு வளைவிலும் ரோட்டோரத்தில் ஒரு சைக்கிளைத் தேடினார்.

திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஞானதாசன் எதிர்ப்பக்கம் வந்தார். காற்று அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. பத்றோஸ் கையைத் தூக்கினார். ஞானதாசன் குனிந்து தன் கியரைப் பார்த்துக்கொண்டே போனார். கியரில் ஒன்றும் இல்லை. அந்தச் சைக்கிளின் ஒவ்வொரு சத்தமும் பத்றோஸுக்குத் தெரியும்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். மணலில் ஓடிப் பழகிய கால் தாரில் கொப்பளித்தது. அப்படியும் பத்றோஸ் பலரைத் தாண்டினார். ஓட்டத்தின் முடிவில் ஞானதாசனின் முதுகு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு தெரு நீளம் இருக்கும். அந்தத் தெரு நீளம் அப்படியே இருக்க, நாற்பது தாண்டியவர்களில் ஞானதாசன் முதலிடம், பத்றோஸ் இரண்டாமிடம்.

ஞானதாசன் வந்து கட்டிப்பிடித்தார். "மக்கா, கொள்ளாம்! முதல் தடவையிலே ரெண்டாமிடம்!"

"தோவாளையில என்ன ஆச்சு?"

"என்ன காத்து, பாத்தியா? அம்மாடி, என்ன காத்து!" என்றார் ஞானதாசன். யாரோ கூப்பிட்டதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம். முதல் முறை கலந்துகொண்டவர்கள் எங்கே நேரத்தைத் தொலைத்தார்கள், எதில் முன்னேற வேண்டும் என்று சொல்லித் தருவதற்காக. பிரபின் என்கிற இளைஞர், கம்ப்யூட்டர் வேலைக்காரர், படகிலும் கரையிலும் நின்று குறித்தவர்களிடம் விசாரித்து ஒவ்வொருவரைப் பற்றியும் தயாராக வந்திருந்தார். நல்ல பையன். பத்றோஸின் முறை வந்ததும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, உண்மையச் சொல்லணும்னா இந்தக் கூட்டத்துலயே நல்ல நீச்சல் உங்களுக்குத்தான். தலைய மட்டும் தண்ணிக்குள்ள விடப் பழகணும். உடுப்பு மாத்துறதுல நேரம் போச்சு. ஈரத்தோடயே ஏறிரணும், யாரும் பாக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பத்றோஸும் சிரித்தார்.

"காத்துல தனியா மிதிக்கப் பழகணும். தார்ல ஓடணும். இதெல்லாம் சின்னது. பெரிய எடம் ஒண்ணு இருக்கு. ரெண்டாவது மிதவைகிட்ட நீங்க நின்னுட்டீங்க. படகுக்காரர் பாத்திருக்காரு, திரும்பிக்கூட போயிருக்கீங்க. அங்க போன நேரந்தான் உங்க முதலிடம். ஏன்ணே நின்னீங்க? சதை புடிச்சுதா?"

பத்றோஸ் பக்கவாட்டில் பார்த்தார். ஞானதாசன் அதே வரிசையில் மூன்று நாற்காலி தள்ளி இருந்தார். சொல்ல வேண்டிய ஆள் அவர்தான். நான் தண்ணி குடிச்சேன், எனக்காக நின்னான் என்று ஒரு வரி. இடம் ஒன்றும் பறிபோகாது. சென்னைச் சட்டை ஏற்கெனவே அவர் மடியில் இருந்தது. பத்றோஸ் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஞானதாசன் தொண்டையைச் செருமினார்.

"நானும் சொன்னேன் தம்பி, நிக்காத, போண்ணு. கேட்டாத்தானே."

பிரபின் தலையாட்டினார். அடுத்த ஆளின் முறை வந்தது.

தோவாளையை பத்றோஸ் மன்னித்திருப்பார். போட்டி, வேகம், ஆசை, எல்லோருக்கும் உள்ளதுதான். ரோட்டில் விட்டுவிட்டுப் போனவன் ஆசையால் போனான். நாற்காலியில் உட்கார்ந்து இதைச் சொன்னவனுக்கு எந்த அவசரமும் இல்லை. அன்று பஸ்ஸில் திரும்பும்போது பத்றோஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொப்பளம் உடைந்த கால்களைச் செருப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து செசிலியிடம் எல்லாவற்றையும் சொன்னார். குரல் ஏறவில்லை.

செசிலியின் குரல் ஏறியது. "அவனுக்கக் காமாலைக்குக் கஞ்சி வச்ச கையி உங்களுக்க கையி. இனி இந்த வாசல்ல வரட்டு, சாயா இல்ல, அடுப்புச் சாம்பல நான் குடுக்கேன்."

"சாம்பல மீனு களுவ வச்சுக்க."

"உங்களுக்குக் கோபமே வராதா?"

"வந்துச்சு. எங்க வைக்கதுண்ணு தெரியல்ல" என்றார் பத்றோஸ்.

பிரபின் சொன்னதை அவர் தள்ளவில்லை. விடியும் முன் தார் ரோட்டில் ஓடினார். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தோவாளைக்குப் போய்க் காற்றில் தனியாக மிதித்தார். கொல்லையில் ஈர நிக்கரோடு சைக்கிளில் ஏறி இறங்கிப் பழகினார். அடுத்த வீட்டு நேசம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "செசிலி, உனக்க மாப்பிளைக்கு என்னமோ ஆயிப்போச்சு, எண்ணெய் தேச்சுவிடு பிள்ளே" என்றாள். தலையைத் தண்ணீருக்குள் விட்டு நீந்தவும் பழகினார். அது மட்டும் கஷ்டமாக இருந்தது. தலை உள்ளே போனால் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை.

சென்னைப் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஞானதாசன் வந்தார். முற்றத்தில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். செசிலி உள்ளேயிருந்து பாத்திரத்தைச் சத்தமாக வைத்தார். சாம்பல் வரவில்லை, சாயாவும் வரவில்லை.

"மக்கா, மெட்ராஸ் கடலு மோசமாக்கும்ணு சொல்லுதானுவ. நம்ம கடலு மாதிரி இல்ல. கொஞ்சம் பழக்கிவிடணும்."

பத்றோஸ் அவரைப் பார்த்தார். கூட்டத்தைப் பற்றி இப்போதாவது ஏதேனும் வரும் என்று நினைத்தார். வந்தது கடலைப் பற்றி மட்டும்தான்.

"வா" என்று எழுந்தார்.

"போவுதீயளா?" என்றார் செசிலி கதவருகே வந்து.

"தெரியாம எறங்கினா செத்துப்போவான்."

கரையில் அலை கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஞானதாசன் வழக்கம்போல் பத்றோஸ் முன்னால் இறங்கட்டும் என்று நின்றார். பத்றோஸ் இறங்கவில்லை.

"நீ முன்ன போ."

"நானா? எனக்குத் தெச தெரியாதே."

"நான் சொல்லுதேன். போ."

ஞானதாசன் இறங்கினார். கண் முன்னால் நுரை இல்லாமல் அவருக்கு நீச்சல் கோணியது. கிழக்கே இழுபட்டார், திரும்பினார், நின்று திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பத்றோஸ் பின்னால் இருந்தார். கை எட்டுகிற தூரத்தில் அல்ல, குரல் எட்டுகிற தூரத்தில். "வலத்த பக்கம் பிடி. இன்னும் வலத்த. இப்ப நேர போ. அலைய முன்னால பாரு, தலைய உள்ள விடு." வெளியே போய்த் திரும்பிக் கரைக்கு வரும் வரைக்கும் அப்படித்தான். ஒரு அலை ஞானதாசனைப் புரட்டியபோது பத்றோஸ் ஒரு பாய்ச்சலில் வந்து அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். மூச்சு வந்ததும் விட்டுவிட்டு மறுபடி பின்னால் போனார்.

கரையில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஞானதாசன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார்.

"உனக்க பின்னால வந்தா எளுப்பமா இருக்கும் மக்கா. அடுத்த சனியாழ்ச்ச நீ முன்ன போவியா?"

"இல்ல."

"ஏன்?"

"பின்னால ஆளு வருதாண்ணு பாத்துப் பாத்துக் கழுத்து நோவுது."

ஞானதாசன் சிரிக்கப் பார்த்தார். பத்றோஸ் சிரிக்கவில்லை. ஞானதாசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பத்றோஸ் கொஞ்ச நேரம் நின்றார், அதையும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று. ஞானதாசன் காதுக்குள் போன தண்ணீரை ஒற்றைக்காலில் குதித்து வெளியே எடுத்தார். வேறொன்றும் வரவில்லை.

"சனியாழ்ச்ச வா. அலையில எறங்க மட்டும் பழக்கித் தாறேன்" என்றார் பத்றோஸ். தோர்த்தைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மணலில் பின்னால் ஞானதாசனின் காலடி கேட்டது. பத்றோஸ் நிற்கவில்லை.